அந்தப் பெயரை நான் சொல்லப் போவதில்லை

மக்கா,

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்குச் ‘சரி’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் ‘சரி’யைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேசுவாய். உன் பேச்சு அழகாக இருக்கும், நானும் தலையாட்டிவிடுவேன். காகிதமென்றால் கடைசிவரை நானே பேசலாம். இதன் ஒரு படியை நம் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெரியவர்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரையும் அச்சில் வந்ததுதானே, பதிலும் அச்சில் வரட்டும். உன்னைப் போலப் படித்தவர்கள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள்.

வருகிற வாரம் உன் மகனுக்கு ஞானஸ்நானம். நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும், இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். போதகர் பிள்ளையைக் கையில் வாங்கி, என்ன பெயர் என்று கேட்பார். தகப்பன் வழியில் மூத்த ஆண் எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும். தகப்பன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் போதகர் தண்ணீரில் கை வைப்பார். தாய் பக்கத்தில் நிற்பாள், அவளுக்கு அங்கே பேச்சு கிடையாது. நம் வீட்டில் மூத்த ஆண் நான். சொல்ல வேண்டிய பெயர், நீ கேட்டுக்கொண்டபடி, உன்னுடைய பெயர்தான். அதாவது ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஜெர்மானியத் துறவியின் பெயர். போப்பை எதிர்த்து நின்றவர், வேதத்தைச் சாதாரண ஜனங்களின் மொழியில் கொடுத்தவர் என்று உனக்கு நானே கதை சொல்லி வளர்த்த ஆள். இந்தக் கடிதத்தில் ஓர் இடத்திலும் அந்தப் பெயரை எழுத மாட்டேன். உன்னை மக்கா என்று கூப்பிட்டாலே எனக்குப் போதும்.

நம் பகுதியில் பாறசாலை தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் எந்தச் சபைக்குள் நுழைந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஐரோப்பாவே எழுந்து நிற்கும். ஜெனீவாக்காரரின் பெயரில் வாழைக்குலை வியாபாரி, இங்கிலாந்து பிரசங்கியாரின் பெயரில் ஆட்டோக்காரர், வெள்ளைக்கார மிஷனரியின் பெயரில் பனையேறி. மற்றவர்கள் சிரிப்பார்கள். நாம் சிரிக்க மாட்டோம், ஏனென்றால் அதற்கு முன் நமக்கு இருந்த பெயர்களை நாம் மறக்கவில்லை. என் தகப்பனை, அவர் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரரான தம்புரான் வீட்டில் கூப்பிட்டது ‘பூச்சி’ என்றுதான். நல்ல பெயர் வைத்தால் அடி விழுந்த காலம் அது. ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு மிஷனரியின் பெயர் கிடைத்தது. தம்புரானின் காரியஸ்தன் அதைச் சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கிக்கொண்டு, “இது என்ன எழவு பேருலே?” என்று கேட்டானாம். அப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆகவே பெரிய மனிதரின் பெயர் என்பது எங்களுக்கு அலங்காரம் இல்லை, அடி தடுக்கிற பலகை. உனக்கும் அப்படித்தான் வைத்தேன். உள்ளதிலேயே உறுதியான பலகை எதுவென்று தேடி, ராஜாக்களுக்கு முன்னால் நெஞ்சு நிமிர்த்தி நின்றவர் என்று கேள்விப்பட்டு, அதை எடுத்தேன். அந்தப் பலகையை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

திருப்பிக் காட்டியது ஷைனி. உன் மனைவிதான், அச்சில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுக்கிறவள், பிரசவத்துக்காக இப்போது பாலராமபுரத்தில் தாய் வீட்டில் இருக்கிறாள். பிள்ளையைப் பார்க்கப் போனபோது என் கையில் அவனைக் கொடுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

“மாமா, ஒரு காரியம் சொன்னா கோவப்படுவீளா?”

“நீ சொல்லு மோளே. கோவப்படுகதா வேண்டாமான்னு கேட்டுட்டுத் தீருமானிப்போம்.”

“பிள்ளைக்கி அந்த ஆளுக்க பேரு வேண்டாம்.”

“எனக்க மகனுக்கு உள்ள பேருதானே. அதுக்கு என்ன குறை?”

“உங்க மகனுக்கு ஒரு குறையும் இல்ல. அந்த ஆளுக்கு உண்டு.”

பிறகு சொன்னாள். அந்த நாட்டில் குடியானவர்கள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்தார்களாம். நிலத்தோடு கட்டிப் போடப்பட்டவர்கள், காட்டில் விறகு பொறுக்கவும் ஆற்றில் மீன் பிடிக்கவும் அனுமதி இல்லாதவர்கள். அவர்கள் கோரிக்கை எழுதினார்கள், அதுவும் இவர் கையில் கொடுத்த வேதத்தையே ஆதாரமாகக் காட்டி. இவர் என்ன செய்தார்? வெட்டுங்கள், குத்துங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்தார். வயதான பிறகு யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி, வீடுகளை இடிக்கச் சொல்லி, தனியாக ஒரு புத்தகமே எழுதினார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இத அவனிட்ட சொன்னியா?”

“சொன்னேன் மாமா. ‘நீ ஹிஸ்டரி டீச்சர், இது தியாலஜி’ன்னு சொல்லி போனை வச்சிட்டாரு.”

வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்தேன். நீ பெங்களூரில் இறையியல் சொல்லிக்கொடுக்கப் போனபோது இங்கே விட்டுப் போன புத்தகங்கள். பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற ஆள் இதையெல்லாம் படிக்கிறானா என்று நினைக்காதே. மழைக்காலம், மரத்தில் பால் வெட்டு இல்லை, கடையில் ஈ ஓட்டுவதற்குப் பதில் படித்தேன். மூன்று வாரம் படித்தேன். ஷைனி சொன்னது குறைவு.

உன் பெரியவர்களை வரிசையாகப் பார்த்தேன் மக்கா. ஜெனீவாவில் ஒருவர், தேவனுடைய சித்தத்தை எல்லாம் அளந்து எழுதியவர். தன்னோடு ஒத்துப்போகாத ஒரு வைத்தியரை நகரத்தார் எரித்துக் கொன்றபோது அதற்கு வழி செய்தவர். எரிக்க வேண்டாம், தலையை வெட்டலாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். அதை அவருடைய கருணைக்குச் சாட்சியாக உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய்! அடே, எங்கள் சந்தையில் கோழிக் கடைக்காரன்கூட இதைக் கருணை என்று சொல்ல வெட்கப்படுவான். அமெரிக்காவில் இன்னொருவர், பரிசுத்தத்தைப் பற்றி அவரைப்போல் எழுதியவர் இல்லை என்கிறாய். அவர் சந்தைக்குப் போய் ஒரு சிறுமியை அடிமையாக விலை பேசி வாங்கி வந்து, அவள் சுத்தம் செய்த வீட்டில் உட்கார்ந்துதான் பரிசுத்தத்தைப் பற்றி எழுதினார். ஆப்பிரிக்காவில் பிற்பாடு பிஷப் ஆன ஒருவர், உனக்கு மிகவும் பிடித்தவர். பதினைந்து வருடம்போல் தன்னோடு வாழ்ந்து மகனைப் பெற்றுக் கொடுத்தவளை, பணக்கார சம்பந்தம் வந்ததும் அனுப்பிவிட்டார். மகனை விட்டுவிட்டு அவள் தனியாகக் கப்பலேறினாள். இவர் உட்கார்ந்து தன்னுடைய இருதயத்தில் இரத்தம் வடிந்ததை எழுதினார். அவளுடைய பெயரை எழுதவில்லை. அத்தனை தடித்த புத்தகத்தில் ஒரு பெயருக்கு இடம் இல்லையாம்.

இவர்களுக்காக நீ எழுதிய பதினாறு பக்கத்தையும் படித்தேன். ‘தம் காலத்தின் பிள்ளைகள்’ என்கிறாய். ‘முரண்கள் நிறைந்த மாமனிதர்கள்’ என்கிறாய். கொலையை ‘வருந்தத்தக்க நிலைப்பாடு’ என்கிறாய். மக்கா, உன் பெரியவர்களிடத்தில் எனக்கு இப்போது இளக்காரம்தான் மிச்சம், அவர்கள் செத்துப் போனவர்கள், அது அவர்களைத் தொடாது. உன் கட்டுரையைப் படித்தபோது எனக்கு வந்தது வெட்கம். ஏனென்றால் அந்தப் பேச்சை நான் அடையாளம் கண்டேன். அது என் கடைப் பேச்சு. ஷீட்டுக் கட்டு கொண்டு வருகிறவர்கள் மேலேயும் கீழேயும் கண்ணாடிபோல் நல்ல ஷீட்டை வைத்து, நடுவில் பூசணம் பிடித்ததையும் குமிழி விழுந்ததையும் செருகி வைப்பார்கள். கேட்டால், “மழையாக்கும் முதலாளி, எல்லாருக்க ஷீட்டும் இப்ப இப்படித்தான்” என்பார்கள். நான் நடுவிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடிப்பேன். அமரவிளையில் சைக்கிளில் ஷீட்டு கட்டிப்போன நான் சொந்தக் குடோன் போட்டது இந்த ஒரு பழக்கத்தால்தான். நீ படித்த படிப்பு என்னவென்றால் கட்டு கட்டுகிற படிப்பு. மேலே கிருபை, கீழே விசுவாசம், நடுவில் கைவைக்காதே என்கிறாய்.

காலம் அப்படி என்கிறாயே, யாருடைய காலம்? வெட்டுப்பட்ட குடியானவனும் அதே காலத்தில்தான் இருந்தான். அவனுக்குத் தெரியவில்லையா அது தப்பென்று? விலைக்கு வாங்கப்பட்ட அந்தச் சிறுமிக்குத் தெரியாதா? அந்த வைத்தியரை எரித்த சமயத்திலேயே, இது கொலை, வேறொன்றும் இல்லை என்று எழுதிய மனுஷன் ஒருவர் இருந்திருக்கிறார், உன் புத்தகத்திலேயே அடிக்குறிப்பில் கிடக்கிறார். அவருடைய பெயரை நம் ஊரில் ஒரு பிள்ளைக்கும் வைக்கவில்லை. அடி வாங்குகிறவனுக்கு எந்தக் காலத்திலும் விஷயம் தெரியும். தெரியாமல் போவது அடிக்கிறவனுக்கும், அவனுக்குக் கட்டுரை எழுதுகிறவனுக்கும்தான். அந்தக் குடியானவர்கள் யார் என்று நினைக்கிறாய்? வேறு தோல், வேறு பாஷை, அவ்வளவுதான். என் அப்பா ‘பூச்சி’ என்று பெயர் வாங்கிக்கொண்டு சேற்றில் நின்ற அதே ஆட்கள். நம்மை வெட்டச் சொல்லி எழுதின ஆளின் பெயரைத் தேடிப் பிடித்து என் பிள்ளைக்கு வைத்துவிட்டு, தம்புரானை ஜெயித்துவிட்டேன் என்று நடந்திருக்கிறேன். என் வியாபாரத்தில் இதைவிட மோசமாக நான் ஏமாந்ததில்லை.

நீ இப்போது மனதுக்குள் சொல்லுவாய், அப்பாவுக்கு என்ன, பெரிய யோக்கியன்போல் பேசுகிறார் என்று. இல்லை. உன்னைவிடக் கேவலமான கட்டுரையை நான் கையால் செய்தேன். அதை இப்போது சொல்லித் தீர்க்க வேண்டும்.

உனக்கு எட்டு வயது இருக்கும். வருடா வருடம் நம் சபைக் கன்வென்ஷனில் பிரசங்கம் செய்ய ஒரு பெரியவர் வருவார், உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய வியாக்கியானம் இன்றும் உன் அலமாரியில் இருக்கிறது. அவர் பேச ஆரம்பித்தால் வெளியே மழை பெய்தாலும் ஒரு குடை விரியாது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று அவர் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். நம் வீட்டில்தான் தங்குவார், அது எனக்குப் பெருமை. அவருக்கு வயிற்றுக் கோளாறு என்றும், வேறு கை சமையல் ஒத்துக்கொள்ளாது என்றும் சொல்லி மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த அம்மா தனியாக அடுப்பு மூட்டி, கொண்டுவந்த அரிசியில் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். நானும் நம்பினேன். நம்பினேன் என்று எழுதுவது பொய். நம்புவது வசதியாக இருந்தது.

ஒரு வருடம் உன் அம்மா குடோனுக்கே வந்துவிட்டாள். “உங்க பெரியவருக்கு வயித்து நோவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேத்து செக்போஸ்ட் பக்கம் நாயருக்க கடையில இருந்து பொரோட்டாவும் முட்டையும் தின்னுகாரு. எனக்க அண்ணன் பாத்துட்டு வந்து சொல்லுகான்.”

“மெதுவா பேசு. ஆளுவ கேக்கும்.”

“கேக்கட்டும். நம்ம வீட்டுக் கஞ்சிதான் அவருக்கு நோவு. அந்த அம்மையே எங்கிட்ட சொல்லி அழுதா. ‘நான் என்ன செய்ய அக்கா, நீங்க தொட்ட பாத்திரம்னு தெரிஞ்சா எனக்கு அடி விழும்’னு சொல்லுகா. வேதம் படிச்ச வாயாக்கும், தூ!”

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அம்மாவிடம், “உனக்கு வேதம் தெரியாது, வாயை மூடு” என்றேன். நீ ஷைனியிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஏன் அப்படிக் குத்தியது என்று இப்போது புரிகிறதா? அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் கன்வென்ஷனுக்கு முன்னால் திருவனந்தபுரம் போய், அவர் ஒருவருக்காகப் புதுப் பாத்திரம் வாங்கி வந்தேன். தட்டு, தம்ளர், கஞ்சிப்பானை, கஞ்சி கோரும் தவி எல்லாம். நம் கை படாமல் துணியில் கட்டி, நம் வீட்டு மச்சில், நமக்கே தீட்டு வைத்து நான் காத்துவந்தேன். தம்புரான் வீட்டு முற்றத்தில் என் அப்பாவுக்குக் கஞ்சி குடிக்கத் தனித் தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அந்த அப்பாவின் மகன் நான், என் சொந்தக் கூரைக்குக் கீழே, என் மனைவி மக்களுக்கு எதிராக, நானே அதைச் செய்தேன். தம்புரான்கூட அந்தச் சிரட்டையை நம்மைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை.

நீ விளையாடிவிட்டு வந்து அந்தத் தம்ளரில் தண்ணீர் குடித்தாய். அவர் பார்த்துவிட்டார். பெரிய மனிதர் அல்லவா, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான் உன்னை அடித்தேன். ஏன் அடிக்கிறேன் என்று நீ கேட்டாய், நான் காரணம் சொல்லவில்லை. மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தம்ளரைக் கழுவி அவர் முன்னால் வைத்தேன். அன்று சாயங்காலம் அவர் அன்பைப் பற்றிப் பேசினார். நானும் அழுதேன், பந்தல் முழுக்க அழுதது. மக்கா, அந்த அடிக்கு இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அன்று நீ கற்றுக்கொண்டதைத்தான் பதினாறு பக்கமாக எழுதியிருக்கிறாய். பெரியவர் தப்புச் செய்தால் தம்ளரைக் கழுவ வேண்டும் என்று நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன்.

பெரிய மனிதர்கள் தாங்களாகச் சுத்தமாக இருப்பதில்லை. என்னைப் போல ஒரு சபைக் கமிட்டிக்காரன், உன்னைப் போல ஒரு கட்டுரைக்காரன், இரண்டு பேர் போதும், ஐந்நூறு வருடம் வெளுத்துக்கொண்டே இருக்கலாம். அப்படியானால் அவர்கள் எழுதியதையெல்லாம் கொளுத்தச் சொல்கிறேனா? கொளுத்துவது அவர்களுடைய வேலை, நமக்கு வேண்டாம். அந்த ஜெர்மானியர் எழுதின பாட்டை இன்றைக்கும் பாடுகிறேன், நல்ல பாட்டு. நல்ல ஷீட்டை நல்ல ஷீட்டு என்று சொல்லித்தான் எடுப்பேன், பூசணத்தைப் பூசணம் என்று சொல்லித் தனியே வைப்பேன். உன் மாணவர்களுக்கும் அப்படிச் சொல்லிக்கொடு. கிருபையைப் பற்றி அவர் சொன்னதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் குடியானவர்களைப் பற்றியும் சொல். அடிக்குறிப்பில் போடாதே. சொன்னால் வகுப்பில் விசுவாசம் குறைந்துவிடும் என்று பயந்தால், அது எந்த விசுவாசம் என்று யோசி.

உன் பெயரை மாற்றச் சொல்லவில்லை. அது முப்பத்தெட்டு வருடம் நீ உடுத்தின பெயர், இப்போது உன் வியர்வைதான் அதில் இருக்கிறது, அவருடையது இல்லை. ஆனால் ஒன்றும் அறியாமல் நான் வைத்தது வேறு. எல்லாம் தெரிந்த பிறகு, பெற்றவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு, வைப்பது வேறு.

நேற்று போதகரைப் போய்ப் பார்த்தேன். பெயர் கேட்கும்போது நான் எழுந்திருக்க மாட்டேன், பிள்ளையின் தாய் சொல்லுவாள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது வழக்கம் இல்லியே.”

“வழக்கம் யாரு வச்சது பாஸ்டரே? மோசேயா?”

“கமிட்டியில ஆளுவ கேப்பாவளே.”

“கமிட்டியில நானும் உண்டும். கேக்கட்டும், பதில் நான் சொல்லுகேன்.”

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “அம்மை சொல்லட்டும். ஆனா தகப்பன் திருப்பிச் சொல்லணும் கேட்டீளா. அதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அவன் சொல்லாம நான் தண்ணியத் தொட மாட்டேன்” என்றார்.

நியாயம்தான் என்று சொல்லி வந்துவிட்டேன். ஆகவே காரியம் இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. எழுந்து பெயரைச் சொல்லும் உரிமையை நான் ஷைனிக்குக் கொடுத்துவிட்டேன், அவளிடமும் சொல்லிவிட்டேன்.  “அவரு திருப்பிச் சொல்லுவாரா மாமா?” என்று மட்டும் கேட்டாள். “அவனிட்டயே கேக்கேன் மோளே” என்று சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவள் என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. முன்கூட்டிக் கேட்டால் அந்தப் பெயர்க்காரன் யார், என்ன எழுதினான் என்று ஆராயத் தொடங்குவாய். ஞாயிற்றுக்கிழமை அவள் வாயிலிருந்து வரும்போது கேள். கேட்டதும், சபைக்குக் கேட்கும்படி, திருப்பிச் சொல். பிள்ளை போதகரின் கையில் காத்துக்கொண்டிருப்பான்.

அப்பா